எனக்கு மறதி வந்த வெள்ளிக்கிழமை

பாமசிக் கவுண்டருக்குப் பின்னால் புதிதாக வந்து நிற்கும் தம்பி தங்கச்சிமாரே, மருந்தைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. நான் படித்த காலத்து மருந்துகளில் பாதியை இப்போது எலிக்குக்கூடக் கொடுக்கமாட்டார்களாம். நான் சொல்ல வந்தது கவுண்டருக்கு அந்தப் பக்கம் நிற்கும் பிராணியைப் பற்றி.

எங்கள் சனம் மூலத்துக்கு மருந்து கேட்டால் கடை முழுக்கக் கேட்கக் கேட்கும். எந்த இடத்தில் குத்துகிறது, இருந்தால் வலி கூடவா நின்றால் கூடவா என்று பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாதவரிடமும் அபிப்பிராயம் கேட்கும். சீனி வருத்தக்காரர் இருவர் சந்தித்தால் பிள்ளைகளின் பரீட்சைப் புள்ளியை ஒப்பிடுவதுபோல இரத்தத்தில் சீனி எவ்வளவு என்று ஒப்பிடுவார்கள். கூடியவர் வென்றவர். ஆனால், மனதுக்கென்று டொக்டர் ஒரு குளிசையை எழுதிவிட்டால் போதும். மழையில்லாத நாளில் குடை வரும். இருட்டுகிற நேரத்தில் கறுப்புக் கண்ணாடி வரும். டொக்டர் எழுதிய துண்டை எட்டாக மடித்து உள்ளங்கைக்குள் வைத்து, கள்ளக்கடத்தல் சாமான் மாதிரித் தள்ளிவிட்டு, "எனக்கில்லை, பக்கத்து வீட்டு மனிசிக்கு" என்பார்கள். நோயாளிகள் எல்லோரும் பக்கத்து வீட்டிலேயே வசிக்கும் அதிசய நகரம் கொழும்பு.

இன்னொரு அதிசயமும் உண்டு. வெள்ளவத்தைச் சனம் இந்தக் குளிசையை வெள்ளவத்தையில் வாங்காது. பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் போகும். கொட்டாஞ்சேனைச் சனம் அங்கே வாங்காது, வெள்ளவத்தைக்கு வரும். காலி வீதியில் எதிரெதிராக வரும் இரண்டு பஸ்களிலும் யன்னலோரமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு இருப்பவர்களை இறக்கி, ஆளுக்காள் இடம் மாற்றிவிட்டால் பாதி டீசல் மிச்சம். இதை நான் யாரிடமும் பிரேரிக்கவில்லை. கடைக்கு வியாபாரம் அப்படித்தான் நடந்தது.

நான் வெள்ளவத்தையில், கடலுக்கு இறங்கும் ஒரு ஒழுங்கை முகப்பில் இருந்த கடையில் வேலை பார்த்தவன். இரகசியம் காக்கும் தொழிலுக்குக் கடவுள் எனக்குக் கொடுத்த குரல், தேர்த் திருவிழா ஒலிபெருக்கிக்கு உரியது. நான் "காலையில் ஒன்று" என்று மெதுவாகச் சொன்னால் எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்கு நிற்பவர் தலையாட்டுவார். இதில் பகிடி விடும் வியாதி வேறு. இப்படிப்பட்ட ஒருவன் ஒரு இரகசியத்தைக் காப்பாற்றிய கதையைத்தான் சொல்லப்போகிறேன். பெயர், உறவுமுறை, வேலை எல்லாவற்றையும் மாற்றியிருக்கிறேன். யாராவது தன்னைக் கண்டுபிடித்தால் அது அவருடைய தலைக்கனம்.

கதைக்கு முன் ஒரு வழக்கத்தைச் சொல்லவேண்டும். நம்மிடையே கலியாணம் பேசினால் சாதகம் பார்ப்பார்கள், சீதனம் பேசுவார்கள், பிறகு யாருக்கும் தெரியாமல் பாமசிக்கு வருவார்கள். பெண் வீட்டாரோ மாப்பிள்ளை வீட்டாரோ 'அந்தக் குளிசை' வாங்குகிறவர்களா என்று விசாரிக்க. இருதய வருத்தமா, ஈரல் பழுதா என்று ஒருவரும் கேட்பதில்லை. ஈரல் இல்லாமல்கூட மாப்பிள்ளை ஆகலாம்.

எனக்குத் தொழில் பழக்கியவர் ஒரு சிடுமூஞ்சி. அவர் வாயிலிருந்து வந்த உருப்படியான வார்த்தை ஒன்றே ஒன்று. "இல்லாத ஆளுக்கு இல்லை எண்டு சொன்னியெண்டால், இருக்கிற ஆளுக்கு நீ வாய் திறக்கத் தேவையில்லை. உன்ர மௌனமே சொல்லிப்போடும்." அன்றைக்கு அவருக்கு வயிற்றில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன்.

இனி நிரோஷா. கொட்டாஞ்சேனைப் பிள்ளை, கோட்டையில் ஒரு கப்பல் கம்பெனியில் கணக்குப் பகுதியில் வேலை. மாதம் ஒருமுறை எங்கள் கடைக்கு வருவாள். இடம் மாறி வந்தது அவளுடைய யோசனை அல்ல, தாயுடையது. தாயும் கூடவே வந்து, வாசலில் வருகிற போகிற ஆட்களை நோட்டம் பார்ப்பா. பிள்ளை நேரே வந்து, துண்டை விரித்து வைத்து, குளிசையின் பெயரை முழுசாகச் சொல்லிக் கேட்பாள்.

"மெதுவாக் கதையடி. ஆக்கள் நிக்கினம்."

"உங்கட கொலஸ்ட்ரோல் குளிசைக்கு நான் மெதுவாக் கதைச்சனானோ அம்மா?"

"அது வேற."

"என்ன வேற?"

"அது கொழுப்பு. எல்லாருக்கும் இருக்கிறது."

"உங்களுக்குக் கொஞ்சம் கூட" என்று பிள்ளை சொல்ல, நான் சிரித்து, என் சிரிப்பில் கடையே திரும்பிப் பார்க்க, தாய் குடையை விரித்துக்கொண்டு ஒழுங்கைக்குள் மறைந்துவிட்டா.

ஒரு புதன்கிழமை நிரோஷா தனியே வந்தாள்.

"அங்கிள், ஒரு உதவி. எனக்குப் பேசியிருக்கினம். பிரதீபன் எண்டு பேர். வீடு இஞ்ச வெள்ளவத்தையில, வேலை திருகோணமலையில. எனக்குப் பிடிச்சிருக்கு. சனிக்கிழமை வாறார், ஞாயிற்றுக்கிழமை கோல்பேஸ் கடற்கரையில சந்திக்கிறம். அண்டைக்கு இந்தக் குளிசை விஷயத்தைச் சொல்லப்போறன்."

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

"தெரிஞ்சால் ஞாயிற்றுக்கிழமை என்னை அறைக்குள்ள வைச்சுப் பூட்டுவா."

"அப்ப போனில சொல்லன் பிள்ளை. சோலி முடிஞ்சுது."

"போனில சொன்னால் அவர் யோசிச்சு நல்ல பதிலாச் சொல்லுவார் அங்கிள். நேர சொன்னால், யோசிக்க முதல் ஒரு முகம் வரும்தானே. அந்த முகத்தோடதான் நான் இருக்கப்போறன். அதை நான் பாக்கவேணும்."

எனக்குப் பகிடி ஒன்றும் வரவில்லை. இது என் வாழ்க்கையில் அபூர்வம்.

"அதுக்கிடையில வேற ஆற்றையும் வாயால அவருக்குப் போச்செண்டால், நான் ஒளிச்சு வைச்சு ஏமாத்தினவள் ஆயிருவன். நான் ஒளிக்கிறேல்லை. எனக்கு அந்தப் பேர் வேண்டாம். ஞாயிறு வரைக்கும்தான் அங்கிள்."

"என்ர வாயோ?" என்றேன். "செத்தாலும் திறக்காது."

பக்கத்துக் கவுண்டரில் நின்ற ஜெயராஜ் இருமினான். ஜெயராஜ் என்னோடு வேலை செய்த மற்ற மருந்தாளர். நல்ல பெடியன், நாற்பது வயது. அந்த இருமலுக்கு அர்த்தம் வெள்ளிக்கிழமைதான் விளங்கியது.

வெள்ளிக்கிழமை பின்னேரம், கடையில் நல்ல சனம். பிரதீபனின் தாய்மாமன் வந்தார். எங்களிடம் இருமல் இனிப்பு வாங்கும் ஆள், பென்சன்காரர், மடிப்புக் கலையாத சேர்ட். கலியாண விசாரிப்பில் அந்தப் பகுதிக்கே அவர்தான் பெரியவர். கவுண்டரில் முழங்கையை ஊன்றி, போனில் ஒரு படத்தைக் காட்டினார். நிரோஷா.

"இந்தப் பிள்ளை இஞ்ச வாறதோ? என்ர மருமோனுக்குப் பேசியிருக்கிறம். கொட்டாஞ்சேனைப் பாமசியளில கேட்டாச்சு. அங்க ஒண்டுமில்லை. அதுதான் இஞ்ச கேக்கிறன். அங்கத்தை ஆக்கள் இஞ்சதானே வருவினம்."

இந்தப் போக்குவரத்து இரகசியம் இவருக்கு எப்படித் தெரியும் என்று ஒரு சின்னக் கேள்வி மூளையில் தட்டியது. கவனிக்க நேரமில்லை.

"நாங்கள் ஆரைப் பற்றியும் சொல்லுறேல்லை ஐயா."

"அப்பிடியோ? போன மாசம் அந்த நகைக்கடைக்காரரின்ர மகளைப் பற்றிக் கேட்க, 'சீச்சீ, அந்தப் பிள்ளை அப்பிடி ஒண்டும் வாங்கிறேல்லை' எண்டு இந்தத் தம்பி சொன்னதாம்." ஜெயராஜைக் காட்டினார். "அந்தப் பிள்ளையைப் பற்றிச் சொல்ல உங்களுக்கு வாய் இருந்தது. இந்தப் பிள்ளைக்கு வாய் இல்லையோ?"

ஜெயராஜ் ஒரு இருமல் மருந்துப் போத்தலைப் பார்த்தபடி நின்றான், அதற்குள் விழுந்துவிடலாமா என்பதுபோல. நல்லெண்ணத்தில் சொன்ன ஒரு உண்மை. அந்தச் சிடுமூஞ்சியின் வயிற்றுக்கோளாறு இத்தனை வருஷம் கழித்து எனக்கு முன்னால் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றது.

தம்பி தங்கச்சிமாரே, இந்த இடத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று யோசியுங்கள். வாயை மூடினால் 'ஓம்' என்று அர்த்தம். இரவே பிரதீபனுக்குப் போன் கோல் போகும். 'இல்லை' என்று சொன்னால் பொய். ஞாயிற்றுக்கிழமை பிள்ளை உண்மையைச் சொன்ன பிறகு, 'பாமசிக்காரனையும் கையுக்குள்ள போட்டு மறைச்சவள்' என்று இதே மனிதர் மேடை போட்டுப் பேசுவார். ஏசித் துரத்தினாலும் 'ஓம்'தான். யோசிக்க, அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த அவ்வளவு நேரம்தான் இருந்தது.

நான் போனை வாங்கிப் படத்தை ஆறுதலாகப் பார்த்தேன்.

"வடிவான பிள்ளை. உங்கட மகளோ?"

"என்ன கதை இது? மருமோனுக்குப் பேசியிருக்கிற பிள்ளை எண்டு இப்பத்தானே சொன்னனான்."

"ஓ. நீங்கள் ஆர்?"

அவர் முழங்கையை எடுத்தார். "என்னைத் தெரியேல்லையோ?"

"கண்டமாதிரிக் கிடக்கு. பேங்கில வேலையோ?" ஜெயராஜ் பக்கம் திரும்பி, "செல்வம், ஐயாவுக்கு ஒரு கதிரை குடு. இண்டைக்கு ஞாயிற்றுக்கிழமையெல்லோ, ஏன் இவ்வளவு சனம்?" என்றேன்.

கடையில் செல்வம் என்று ஒருவரும் இல்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தாய்மாமனின் கண்களில் நிரோஷா மெல்ல மெல்ல மங்கிப்போவதை நான் பார்த்தேன். கடலை வாங்க வந்தவருக்குப் புரியாணிப் பார்சல் கிடைத்தால் முகம் எப்படி மலருமோ, அப்படி மலர்ந்தது. உடனே அதன்மேல் ஒரு சோகத்தை இழுத்துப் போர்த்துக்கொண்டு, ஜெயராஜின் காதருகே போய், "எப்ப தொடக்கம்?" என்று கேட்டார்.

ஜெயராஜ் தன் பிழைக்கு அந்த இடத்திலேயே பிராயச்சித்தம் தேடிக்கொண்டான். "கொஞ்ச நாளா, ஐயா," என்றான். பிறகு, நான் என்றைக்கும் மறக்கமுடியாத ஒரு வசனம்: "நாங்கள் வெளியில சொல்லேல்லை."

வெள்ளவத்தை முழுவதும் பரவ இதைவிட வேறு விளம்பரம் வேண்டுமா? தாய்மாமன் பெண் விஷயத்தை அந்தரத்தில் விட்டுவிட்டு, போனைக் காதில் வைத்தபடியே இறங்கிப் போனார்.

நான் வீட்டுக்குப் போய்ச்சேருமுன் செய்தி போய்ச்சேர்ந்திருந்தது. என் மனிசி கதவைத் திறந்து, மேலும் கீழும் பார்த்தாள்.

"உங்களுக்கு மறதி வியாதியாமே?"

"நடிச்சனான்."

"என்ர பிறந்தநாளுக்கும் கலியாண நாளுக்கும் இவ்வளவு காலமும் நடிச்சது போதாதெண்டோ?"

அவள் ஒருத்திதான் நம்பினாள். மற்றவர்களுக்கு நான் நடித்தது என்று சொல்லச் சொல்ல வருத்தம் முற்றிக்கொண்டே போனது. இதை நான் எதிர்பார்க்கவில்லை. மூளையில் கோளாறு என்று ஒருமுறை பெயர் விழுந்தால், அதற்குப் பிறகு நீங்கள் சொல்வதெல்லாம் அந்த வருத்தம் பேசுவதுதான். பகிடி விட்டால், பாவம், உளறுகிறார். பகிடி விடாவிட்டால், பாவம், பகிடியும் மறந்துபோச்சு. கோபப்பட்டால் சொல்லவே வேண்டாம்.

மரைன் டிரைவில் என்னோடு பின்னேரம் நடக்கிற கூட்டாளிகள் என் இரண்டு பக்கமும் வந்து கையைப் பிடித்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர், என்னோடு பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் பெயிலானவர், விரலை நீட்டி, "இது... கடல்," என்றார். "அப்ப அது றெயில் றோட்டோ?" என்று கேட்டேன். மற்றவருக்குக் கண் கலங்கிவிட்டது.

இதுவரை சிரிப்புத்தான். அதற்கடுத்த கிழமை என் தங்கச்சி கோல் எடுத்தாள். அவளுடைய மகளுக்குக் கலியாணம்; மாப்பிள்ளை வீட்டில் தாலிக்குப் பொன்னுருக்க நாள் குறித்திருந்தது.

"அண்ணா, நீங்கள் கலியாண ஹோலுக்கு நேர வாங்கோ. வீட்டுச் சடங்குக்கு மினைக்கெட வேண்டாம்."

"ஏன், நான்தானே தாய்மாமன்?"

"அதில்லை அண்ணா. மாப்பிள்ளை பகுதி முழுக்க நிக்கும். பரம்பரையில இருக்கோ எண்டு கேப்பினம்."

"பிள்ளை, நான் நடிச்சனான். ஒரு விஷயத்துக்காக."

"ஓம் அண்ணா, ஓம். நடிப்புத்தான். நீங்கள் ரெஸ்ட் எடுங்கோ."

குழந்தைக்குப் பால் கொடுக்கும் குரலில் சொன்னாள். சின்னவயதில் நான் முதுகில் ஏற்றிக்கொண்டு திரிந்த தங்கச்சி. நான் போனை வைத்துவிட்டு, யாரிடம் கோபப்படுவது என்று தெரியாமல், மனிசி சமைத்த புட்டில் உப்பில்லை என்று கத்தினேன். உப்பு இருந்தது.

நிரோஷாவின் தாய் ஏன் குடை பிடித்தா என்று அன்றைக்கு எனக்குக் கொஞ்சம் விளங்கியது. விளங்கியதற்காக அந்தக் குடையை நான் மன்னிக்கவில்லை. அதன் நிழலுக்குள் நிற்கவேண்டியிருந்தது அந்தப் பிள்ளைதான்.

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். கோல்பேஸில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. திங்கட்கிழமை காலையில் உயரமான ஒரு பெடியன் கடைக்கு வந்தான். தன் பெயர் பிரதீபன் என்றான். எட்டாக மடிக்காத துண்டு ஒன்றை விரித்து வைத்தான்.

"அங்கிள், இது நிரோஷாவின்ர துண்டு."

"நிரோஷாவோ? ஆர் தம்பி அது? எனக்கு ஆக்களை ஞாபகமில்லை."

அவன் சிரித்தான். "நீங்கள் இப்பிடித்தான் சொல்லுவீங்கள் எண்டு அவா சொன்னவா. அவா விஷயத்தைச் சொன்னாப் பிறகு நான் என்ன கேட்டனான் எண்டும் உங்களிட்டச் சொல்லச் சொன்னவா."

"என்ன கேட்டனீங்கள்?"

"இப்ப உங்களிட்டக் கேக்கப் போறதைத்தான். சாப்பாட்டுக்கு முன்னமோ, பின்னமோ?"

யோசிக்க முதல் வந்த முகம் அதுதான் போலும். நான் என் ஒலிபெருக்கிக் குரலில், எதிர்ப்பக்க பஸ் தரிப்பிடத்துக்கும் கேட்க, "பின்னம்!" என்றேன். அவர்கள் இப்போது வத்தளையில் இருக்கிறார்கள். வீட்டுக்குக் கிட்ட இருக்கும் கடையில் குளிசை வாங்குகிறார்கள். கிட்ட என்பதைத் தவிர அதற்கு வேறு காரணமில்லை.

என் கதை அவ்வளவு சுகமாக முடியவில்லை. வாடிக்கையாளர்கள் நான் கொடுத்த குளிசையை ஜெயராஜிடம் கொண்டுபோய்ச் சரிபார்த்தார்கள். முதலாளி சில மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மிக மரியாதையாக என்னை வீட்டுக்கு அனுப்பினார். பிரியாவிடைப் பரிசாகத் திகதியையும் கிழமையையும் பெரிய எழுத்தில் காட்டும் சுவர் மணிக்கூடு ஒன்று. நன்றாக வேலை செய்கிறது.

அந்தச் சில மாதங்களுக்குள் நடந்த ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். ஒரு மத்தியானம், கடை வெறிச்சோடி இருந்தது. ஜெயராஜ் சாப்பிடப் போயிருந்தான். தாய்மாமன் வந்தார். கறுப்புக் கண்ணாடி. கவுண்டருக்கு முன் நின்று, மிகச் சந்தோஷமாக, "உங்களுக்கு என்னைத் தெரியாது," என்றார்.

"தெரியாது," என்றேன்.

எட்டாக மடித்த துண்டு உள்ளங்கையிலிருந்து வந்தது. விரித்துப் பார்த்தேன். அன்றைக்கு மூளையில் தட்டிய சின்னக் கேள்விக்குப் பதில் அதிலே இருந்தது.

"இவ்வளவு நாளும் எங்க வாங்கினனீங்கள்?"

"கொட்டாஞ்சேனையில. மனிசிக்குக் கோயில் எண்டு சொல்லிப்போட்டுப் போறனான். அவ என்னைப் பெரிய பக்திமான் எண்டு ஊரெல்லாம் சொல்லித் திரியிறா."

"இப்ப ஏன் இஞ்ச?"

"நீங்கள் மறந்துபோவியள்தானே."

என் வாழ்க்கையிலேயே மிகச் சிறந்த பகிடி அந்த நிமிஷம் நாக்கு நுனிக்கு வந்தது. போனில் ஒரு படம், கவுண்டரில் ஒரு முழங்கை, 'இந்தப் பிள்ளைக்கு வாய் இல்லையோ' என்ற அந்தக் குரல், எல்லாம் அதற்குள் இருந்தன. விட்டிருந்தால் மனிதர் இருமல் இனிப்புக்குக்கூட அந்தப் பக்கம் வரமாட்டார். விழுங்கினேன். எந்தக் குளிசையும் அவ்வளவு கசந்ததில்லை.

அவர் கேட்காமலே கதைக்கத் தொடங்கினார். தம்பி செத்த வருஷம் தொடக்கம் நித்திரை இல்லையாம். விடியப்புறம் நெஞ்சைப் பிடித்து அமுக்குகிறமாதிரி ஒரு பயமாம். குளியலறைக்குள் போய், தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுவாராம். "தண்ணி பில் கூடுது எண்டு மனிசி பேசுறா," என்றார்.

"அவவுக்கு ஒருக்காச் சொல்லிப் பாருங்கோவன்."

"சொல்லலாம்," என்றார். "அவ மறக்கமாட்டா."

விசாரிப்புத் தொழிலை அவர் விட்டுவிட்டார் என்று நினைக்காதீர்கள். அதே பின்னேரம் இன்னொரு பாமசியில் இன்னொரு பிள்ளையின் படத்தோடு நின்றதாகக் கேள்வி. அவர்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம்தான். இதை வாசித்தாலும் தன்னை அடையாளம் காணமாட்டார். இவ்வளவு கேவலமான ஆள் பக்கத்து வீட்டுக்காரராகத்தான் இருக்கவேண்டும் என்று நினைப்பார்.

இப்போது நான் கடையில் இல்லை. மாதத்தில் ஒரு நாள் அவர் என் வீட்டுக்கு வருகிறார். குளிசையை எப்படிப் போடுவது என்று கேட்கவாம். மனிசி தேத்தண்ணி வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அவர் என் முன்னால் இருந்து, சுவர் மணிக்கூட்டைக் காட்டி, "இண்டைக்கு வெள்ளிக்கிழமை," என்று அன்பாக நினைவூட்டுவார்.

"அப்பிடியோ?" என்பேன்.

"உங்களுக்கு என்னைத் தெரியாது."

"தெரியாது. இருங்கோ, சொல்லுங்கோ."

தம்பி செத்த வருஷத்திலிருந்து தொடங்குவார்.